உபதேசியாரின் குரல் போன மாதம்

திருத்தணி,
9-7-1946

என் பிரியமுள்ள சலோமிக்கு,

நான் இங்கு சுகம். உன்னையும் கர்த்தர் சுகமாய்க் காப்பாராக. இரண்டு வருஷமாக என் கடிதங்களுக்கு நீ பதில் போட்டதில்லை. இதற்கும் போடாமல் இருக்கலாம். ஆனாலும் கை பரபரக்கிறது, எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் குரல் போய்விட்டது! பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பிரசங்கத்தின் நடுவில் தொண்டை அடைத்துக்கொண்டது. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார். பெரிய ஜெபக்காரன் என்று பெயரெடுத்த நான் சிலேட்டில் எழுதிக் காட்டி உப்பு வாங்குகிறேன்.

முதல் வாரம் தவித்துப்போனேன். பிறகு ஒரு நாள் காலை உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால்படியிட்டேன். வழக்கமான வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். கேட்க ஆள் இல்லை என்றதும் ஒன்றும் நிற்கவில்லை, சலோமி! மிஞ்சியது ஒரே வார்த்தைதான்: எஸ்தர்.

நம் குழந்தை செத்த அன்று நான் திருவாலங்காட்டுக் கூட்டத்துக்குப் போனேன். காய்ச்சல் கடுமை என்று தெரிந்தேதான் போனேன். நோட்டீசில் என் பெயர் போட்டிருந்தது, அதற்காக. ஊழியத்துக்காகப் போனதாக உன்னிடம் சொன்னேன், சபையிடம் சொன்னேன், ஆண்டவரிடமும் அதையே சொல்லி வந்தேன். உள்ளறையில் அந்தக் காலையில்தான் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். "உம்மேல் எனக்குக் கோபம்" என்றும் சொன்னேன். இடி விழவில்லை. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பது போல இருந்தது. இப்போதெல்லாம் எப்போது விடியும் என்று காத்திருக்கிறேன். இருபது வருஷம் ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணினேன். எனக்கென்று ஜெபித்தது இப்போதுதான்!

உன்,
ஐசக்

அரக்கோணம்,
13-7-1946

உபதேசியார் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. வெந்நீரில் உப்புப் போட்டு மூன்று வேளையும் கொப்பளியுங்கள். மோர் வேண்டாம்.

எஸ்தரை அடக்கம் செய்த அன்று அரை மணி நேரம் ஜெபித்தீர்கள். கூட்டமே விம்மியது. "என்னா ஜெபம்யா!" என்று வரதராஜன் வாத்தியார் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷம் உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. இந்த ஆஸ்பத்திரி நர்சு வேலைக்கு வந்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தையும் அழகாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை எனக்கு எதற்குத் திறந்து காட்டுகிறீர்கள்? நானும் ஒரு சபையா?

சலோமி

திருத்தணி,
30-7-1946

சலோமிக்கு,

நீ கேட்டது சரி. அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

கிருத்திகைக் கூட்டம் போன வாரம்தான் வடிந்தது. தெருவில் நடக்க இடமில்லாமல் காவடிகள். வெயிலில் வந்தவர்களுக்கு வாசலில் நான்கு பானை தண்ணீர் வைத்தேன். இறைத்து இறைத்துத் தோள் வலி. பக்கத்து வீட்டு எல்லம்மாளின் மகள் கமலாவுக்கு மாதம் நிறைகிறது. உங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டி வருவாளாம், பார்த்துக்கொள்.

குரல் வந்துவிட்டது, கொஞ்சம் கரகரப்பு. ஆர்.கே.பேட்டை உஜ்ஜீவனக் கூட்டத்தில் ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். வேறு யாரையாவது கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். குருவானவருக்கு வருத்தம்தான். உன் உப்புத் தண்ணீர் நன்றாகக் கேட்டது.

ஐசக்

அரக்கோணம்,
20-8-1946

எஸ்தரின் நைனாவுக்கு,

கமலாவுக்கு நேற்று ஆண் குழந்தை! நான்தான் கையில் வாங்கினேன். தாயும் பிள்ளையும் சுகம். அதைச் சொல்ல மட்டும் இந்தக் கடிதம் இல்லை.

எல்லம்மாள் பேரனை மடியில் வைத்துக்கொண்டு திடீரென்று என்னிடம் சொன்னாள்: "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு காலைல கதவ சாத்திகினு உக்காந்துகினு இருக்காரும்மா. என்னா ஆச்சோன்னு ஜன்னல் வழியா பாத்தேன். உங்க பாப்பாவோட கவுன மடியில வெச்சிகினு, 'நைனா வந்துட்டேம்மா, நைனா வந்துட்டேன்'னு மெல்ல சொல்லிகினே அழுவுறாரு. நான் பாத்தது அவருக்குத் தெரியாது."

"தினமுமா?" என்று கேட்டேன்.

"ஆங், தினமுந்தாம்மா."

இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை. எழுதாமல் விட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. வார்டில் நிற்க முடியாமல், துணி வைக்கும் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களைக் குற்றம் சொன்னேனே, நான் மட்டும் என்ன? இரண்டு வருஷமாகக் கோயிலில் பாடினேன், தலை குனிந்தேன், ஆண்டவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுப் பேசினேன். அழகாக இல்லை. திட்டினேன், பிறகு நன்றி சொன்னேன், மறுபடியும் திட்டினேன். எஸ்தரைப் பற்றி அவரிடம் எவ்வளவு சொல்ல இருந்தது! மேட்ரன் வந்து கூப்பிடும் வரை நேரம் போனதே தெரியவில்லை. வெளியே வந்தபோது அப்படியொரு பசி. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

பதினைந்து நாள் லீவு வாங்கிவிட்டேன். சனிக்கிழமை காலைப் பாசஞ்சரில் வருகிறேன். சபையாருக்குச் சொல்ல வேண்டாம், ஸ்டேஷனுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். முதலில் கல்லறைக்குப் போகலாம், அப்புறம் வீட்டுக்கு. இன்னும் நான்கு நாள் இருக்கிறது, பெட்டியை இப்போதே கட்டி வைத்துவிட்டேன்!

உங்கள்,
சலோமி