களப்புச் சேற்றில் திறந்த கூடு

என்ர அன்பு அக்கா,

உங்கட முப்பத்தோராம் நாள் காரியம் முடிஞ்சுது. வந்த சனமெல்லாம் போயிட்டுது. நான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து படிப்பிக்கத் தொடங்கிட்டன். பஸ் ஏறுறன், சமைக்கிறன், விடைத்தாள் திருத்துறன். அழுகை மட்டும் வரேல்லை. ஏன் எண்டு உங்களுக்காவது தெரியுமோ?

நீங்கள் ஆராய்ச்சிக்கெண்டு கடலோரக் களப்பில எடுத்த சேற்றுக் குழாய்கள் முல்லைத்தீவு வீட்டு பிரிட்ஜுக்குள்ள, வெளிச்சம் படாமல் சுத்தினபடியே கிடந்தது. அத்தான் பிரிட்ஜைத் திறக்கிறதையே விட்டிட்டார். காய்ச்சலோட வள்ளத்தில போய்ச் சேறு எடுத்தபடியால்தான் உங்களுக்கு வருத்தம் முத்தினது எண்டு அவருக்கு ஒரு எண்ணம். டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனால் அவரோட வாதாட எனக்குத் தெம்பில்லை.

எல்லாத்தையும் களப்பிலேயே ஊத்தப்போறன் எண்டார். நான் மறிக்கேல்லை. ஒரு குழாயை மட்டும் கேட்டு வாங்கினன். மிச்சத்தை அவர் ஊத்தினதைக் கரையில நிண்டு பாத்தனான். சேறு கொஞ்ச நேரம் தண்ணியைக் கலக்கிச்சுது, பிறகு அடங்கிட்டுது.

டைனோபிளாஜெலேற் எண்டு நீங்கள் சொல்லேக்க நான் சிரிக்கிறனான். கண்ணுக்குத் தெரியாத கடலுயிர். காலம் கூடாமல் போனால் தன்னைச் சுத்தித் தடிச்ச கூடு கட்டிக்கொண்டு சேற்றுக்குள்ள போய்க் கிடக்கும். நல்ல காலம் வந்தால் கூட்டில ஒரு வாசல் திறந்து வெளியால போகும். வெறுங்கூடு மிஞ்சும். கோடிக்கணக்கான வருசப் பழைய கல்லுக்குள்ளயும் அந்தக் கூடுகள் இருக்குது, வாசல் கூட அப்பிடியே தெரியும் எண்டு சொன்னீங்கள்.

குழாயில நீங்கள் அடையாளம் வைச்ச இடத்தில, சண்டைக்கு நாங்கள் ஊரை விட்டு ஓடின காலத்துச் சேறு. அதில ஒரு துளி எடுத்து, கொதிக்கவைச்சு வடிகட்டின கடல்தண்ணியில போட்டு, பள்ளிக்கூட ஆய்வுகூட யன்னலடியில வைச்சன். கொஞ்ச நாளாய் ஒண்டுமில்லை. பிறகு ஒரு மத்தியானம் நுணுக்குக்காட்டிக்குள்ள ஒண்டு சுழண்டு சுழண்டு ஓடிச்சுது. பக்கத்தில வாசல் திறந்த கூடு.

எனக்கு ஒண்டும் தோன்றேல்லை அக்கா. நேரத்தைக் குறிச்சுவைச்சிட்டு அத்தானுக்கு போன் எடுத்தன்.

அவர் மோட்டார் சைக்கிளில வந்தார். கனநேரம் குனிஞ்சு பாத்தார்.

"இது உயிரோடதானோ?"

"ஓம் அத்தான்."

"நான் மற்றதுகளை ஊத்திட்டனே, பிள்ளை."

மேசையில தலையை வைச்சு அழுதார். செத்தவீட்டில கூட அவர் அப்பிடி அழேல்லை. நான் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தன். வேற என்ன செய்யிறது?

உங்கட கண்ணீர் அஞ்சலிப் பதாகையில 'மீளாத்துயில்' எண்டு அடிச்சிருந்தவை. நீங்கள் பாத்திருந்தால் கோவிச்சிருப்பீங்கள். துயில் எண்டால் உள்ளுக்குள்ள உயிர் இருக்கவேணும் எண்டிருப்பீங்கள். நான் உங்களை நித்திரை எண்டு எங்கயும் எழுதமாட்டன்.

குழாயில அடிச்சேறு இன்னும் இருக்குது. அது எங்கட அம்மா பிறக்கிறதுக்கும் முந்தினதாய் இருக்கலாம். அத்தானும் பக்கத்தில இருந்து பாக்கவேணுமாம், சனிக்கிழமையில வாறன் எண்டவர். மாரிக்கு முதல் முழுக்கப் பாத்து முடிப்பம். கூட்டை விட்டு ஒண்டும் வெளிக்கிடாட்டி, வெளிக்கிடேல்லை எண்டுதான் ஆராய்ச்சிக் குறிப்பில உங்கட பேரில எழுதுவன்.

உங்களுக்குப் பின்னால பிறந்த,
தங்கச்சி.