கிரீஸ் அடிப்பதற்கு முன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அப்பாவின் முட்டிவலி மட்டும் அவரோடு சேர்ந்து எழுந்து, அவரோடு சேர்ந்து படுக்கிறது. நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே தொடங்குகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அழுவேன், நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம். ஓர் இடத்தில் உட்கார்ந்து படி.

நம் பழைய லாரியைப் பற்றித்தான். அந்தப் பேச்சே வேண்டாம் என்று நீ மடித்து வைத்துவிடாதே. அந்த விபத்தில் மாமா போன பிறகு, நசுங்கிய கதவையும் பக்கத் தகரத்தையும் மாற்றி, ஷெட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு அப்பா மூடியவர்தான், ஆறு வருஷமாக அதைத் தொடவில்லை. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பேன். உனக்கு நினைவிருக்கும், மாமா ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு, போகலாம் என்கிற மாதிரி கதவில் இரண்டு தட்டு தட்டுவான். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பட்டப்பகலில், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது கேட்கும். தார்ப்பாய் காத்துல அடிக்குது, வேற என்ன என்பார் அப்பா. இலை அசையாத நாளிலும் கேட்டது, அதை அவரிடம் நான் சொல்லவில்லை. என் தம்பி ஆயிற்றே, அவனிடம் எனக்கு என்ன பயம். எதற்காகத் தட்டுகிறான் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

போன மாதம் செங்கல் சூளைக்காரர் வண்டியைக் கேட்டார். அவருடைய டிரைவர் வந்தான், நெட்டை என்று கூப்பிடுகிறார்கள், நம் ஷெட்டுக்குள் குனிந்துதான் நிற்கிறான். பேட்டரி மாற்றி, காற்றடித்து, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவன், அண்ணே, ரோட்டுல நேரா நிக்க மாட்டேங்குது, தானா ஒரு பக்கமா போகுது என்றான். அப்பாவுக்கு மூக்கின் மேல் கோபம். வண்டில ஒண்ணும் இல்ல, ஓட்டுற கையப் பாரு என்றார். மாமா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. அதற்கு முந்தின வாரம் முழுக்க நீ, ஸ்டீயரிங் கையில நிக்கலப்பா, வளைவுல பயமா இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்பா பார்க்காமல் இல்லை, பார்த்தார். ஆனால் அவர் வழக்கப்படி, எல்லா மூட்டிலும் பழையது பிதுங்கி வெளியே வரும்வரை புது கிரீஸ் அடித்து, சுத்தமாகத் துடைத்து, பிறகுதான் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. காய்ந்த மூட்டைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது, முப்பது வருஷமாக எந்த வண்டி வந்தாலும் முதலில் கிரீஸ்தான்.

நெட்டை வந்த அன்றும் கிரீஸ் கன்னைத்தான் கையில் எடுத்தார். அவன் குறுக்கே வந்து நின்றுவிட்டான். அண்ணே, காஞ்சபடியே முதல்ல பாத்துடலாம், கிரீஸ் போனா இடைவெளிய அடைச்சுக்கும், தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது என்றான். அப்பா முறைத்தார், ஆனால் கன்னைக் கீழே வைத்தார். சக்கரம் தரையிலேயே நிற்க, உள்ளே ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பவேண்டுமாம், கீழே இருப்பவர் எந்த மூட்டு ஆடுகிறது என்று பார்க்கவேண்டுமாம். இருவரும் கீழே போய்விட்டார்கள், மிச்சம் நான்தான். உன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டைப் பார்க்காமல் திருப்பினேன். நாலு விரல் அகலம் திரும்பியும் சக்கரம் அசையவே இல்லை, கை வெறுமனே போனது. அப்புறம் கீழே டொக் என்றது. இந்தப் பக்கம் திருப்பினேன், மறுபடியும் டொக். நான் கையை எடுத்துவிட்டேன். மாமா தட்டுகிற அதே இரண்டு தட்டு, கண்ணா.

நெட்டை வெளியே வந்தான், அப்பா வரவில்லை. அவர் கால் மட்டும் தெரிந்தது. இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற நீளக் கம்பிக்கு டை ராட் என்று பேராம், அதன் முனையில் இருக்கும் குமிழ் தன் கிண்ணத்துக்குள் விழப்போகும் பல் மாதிரி ஆடியதாம். கழற்றி எடுத்த பிறகு அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார், அடிபட்டதுல இப்படி ஆகியிருக்குமா என்று. அடிபட்டா வளையும், இல்ல உடையும்ணே, இது வழுவழுன்னு தேஞ்சிருக்கு, ரொம்ப நாள் தேய்மானம் என்றான் நெட்டை. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார். நம் கதை அவனுக்குத் தெரியாதே.

பிறகு அப்பா எதையும் விடவில்லை. இரண்டு முனையும் புதுசு. சக்கரம் திரும்புவதற்கு அச்சாக நிற்கும் கிங் பின்னும் தேய்ந்திருந்தது, அதைத் தட்டி எடுக்கவே இரண்டு நாள், தெருவே காதைப் பொத்திக்கொண்டது. கடைசியில் சக்கரங்களுக்கு இடையே முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று டேப் பிடித்து அளந்தார், மறுமுனையைப் பிடித்தது நான். ஓட்டிப் பார்க்க வேறு ரோடா இல்லை, மாமா போன அந்த வளைவுக்கே போனார். நான் மாமா சீட்டில். வண்டி சொன்னபடி திரும்பியது. பாலம் தாண்டி நிறுத்தி, ஸ்டீயரிங்கை விடாமல், பையன் சொன்னான், நான் கேக்கல என்றார். மூன்று தடவை சொன்னார். பிறகு அழுதார். அவர் அம்மா போனபோதுகூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

என் பங்கையும் எழுதிவிடுகிறேன். அன்று வராந்தாவில் நான் வாயைத் திறக்கவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவள் என்று எல்லாரும் என்னைத் தாங்கினார்கள், நீ ஓரமாக உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். எனக்கும் உன்மேல் கோபம் இருந்தது. அதை மறைத்து இந்தக் கடிதம் எழுத முடியாது. நீ இன்றுவரை ஒரு வண்டியையும் தொடுவதில்லை என்றும், பஸ்ஸில்கூட முன்கம்பியை விரல் வெளுக்கும்வரை பிடித்துக்கொள்கிறாய் என்றும் மருமகள் சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

அப்பா இப்போது தான் பார்த்த வண்டிக்காரர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கிரீஸ் அடிக்காமல் கொண்டுவரச் சொல்கிறார். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் மறைக்காமல் சொல்கிறார். இரண்டு வண்டியில் ஆட்டம் இருந்தது. வண்டியைச் சூளைக்காரருக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று நீதான் சொல்லவேண்டுமாம். என்னிடம் சொல்லாதே, அவரிடமே சொல், போனை அவரே எடுப்பார். வண்டியில் அந்த டொக் போய்விட்டது. எனக்குக் கேட்பதும் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. நேற்றும் கேட்டது.

குட்டியை வெயிலில் அலையவிடாதே, நீயும் வேளைக்குச் சாப்பிடு. மூவரும் நல்ல தூக்கமும் நிறைந்த ஆயுசுமாக இருக்கவேண்டும். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கீழே இருக்கும் கறை அவர் விரலுடையது.

உன் அம்மா

வண்டியில்தான் இருந்தது. உன் கையில் இல்லை.
அப்பா