தடுப்பூசி தவறவிடாதவளுக்கு

என் செல்லக் கழுதைக்கு,

நேற்று இதய டாக்டர், “கர்ப்பமா இருந்தப்ப ஏதாவது தொல்லை இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். “இருந்துச்சு டாக்டர். இப்ப அதுக்கு முப்பது வயசு” என்றேன். மனிதர் சிரிக்கவே இல்லை. கர்ப்பத்தின்போது ரத்த அழுத்தம் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் இதயம் தகராறு செய்யலாமாம். நானோ, பிள்ளை பிறந்ததும் எல்லாம் தீர்ந்தது என்றிருந்தேன்.

உனக்கும் ஏறியதே! பேரனுக்கு ஒரு தடுப்பூசியையும் தவறவிட மாட்டாய். உன்னைப் பரிசோதிக்கச் சொன்னால் மட்டும், “எல்லாம் சரியாப் போச்சும்மா, தொணதொணக்காதே!” அவனுக்கு ஊசி போடும் அதே ஆஸ்பத்திரியில் ஒரு நிமிடம் கையை நீட்டினால் தேய்ந்தா போவாய்?

மாடியில் உன் வீட்டுக்கே வந்து உன் காதைத் திருகலாம் என்றால், எனக்குப் படி ஏறத் தடை. அதனால்தான் இதை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு இறங்கி வா. கீழே காரில் இருக்கிறேன். டாக்டரிடம் உன் பெயரைக் கொடுத்தாயிற்று.

உன் வாயாடி அம்மா