மல்லாட்டைக் கொல்லைக்கு ஆள் இல்லை

அக்கா,

இன்று காலை தேரடி வீதியில் ஒருவர் தள்ளுவண்டியில் பச்சை வேர்க்கடலையை, உங்கள் ஊர் மல்லாட்டையை, செடியோடு குவித்து வைத்திருந்தார். ஈர மண் வாசனை. வாங்க மனம் வரவில்லை, வேகமாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் இப்படித்தான் இருக்கிறது, என்ன செய்ய.

எழுபதுகளின் தொடக்கத்தில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு பற்றிச் சொல்ல வரும் நர்ஸ் நான். வாய் ஓயாது எனக்கு. பிள்ளைகள் குறைந்தால் வீடு வளரும், நாடு வளரும் என்று மேலதிகாரிகள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பிப்பேன். அப்போது நீங்கள் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தீர்கள், உங்களுக்கு ஒரே மகன். உங்கள் கொல்லையில், அந்த மல்லாட்டை நிலத்தில், களை எடுத்தபடியே கேட்டுவிட்டு, "ஒண்ணு போதும்னு சொல்ற. சரி நர்ஸம்மா, உன்ன நம்பி வரேன்" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்கு நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

நான் சொன்னது பொய்யாகிவிடவில்லை. ஒரே பிள்ளை என்பதால் அவனைக் காலேஜ் வரை படிக்கவைத்தீர்கள். பெங்களூரில் வேலை கிடைத்துப் போனான். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அதே கதைதான்.

உங்கள் ஊரில் மல்லாட்டை பிடுங்க ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தால், பதிலுக்கு அந்த வீட்டுக் கொல்லைக்கு இரண்டு பேர் போக வேண்டும். எண்பதுகளின் கடைசியில் வருகிற எல்லோருக்கும் முட்டிவலி. ஒரு நாள் வேலை மூன்று நாள் இழுத்தது. ஈரம் காய்வதற்குள் பிடுங்காவிட்டால் காய் மண்ணிலேயே தங்கிவிடும், மறுபடி மழை பெய்தால் முளைத்துவிடும். கூலிக்கும் ஆள் இல்லை. பலர் சவுக்கு மரம் வைத்துவிட்டார்கள், அதற்கு ஆள் வேண்டாம். கடலை வரத்து இல்லாமல் எண்ணெய் மில்லும் பாதி நாள் மூடிக் கிடந்தது.

ஒரு வருடம் உங்களுக்கு ஆளாக நான் வந்தேன். இழுத்தால் வெறும் தழைதான் என் கையில். "ஊசி போடத்தான் நீ லாயக்கு" என்று சிரித்தீர்கள். பிறகு முட்டியை நீவிக்கொண்டே, "எங்களுக்கு வயசானா யாரு புடுங்குவாங்கன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தரும் யோசிக்கலியா?" என்றீர்கள். கோபமே இல்லாமல் கேட்டீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த வருசமும் நான் வரேன்க்கா" என்றேன்.

அடுத்த வருடம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினீர்கள்: "மழ பேஞ்சிருக்குது. நாளைக்குப் புடுங்கணும். நர்ஸம்மாவ வரச் சொல்லு." மறுநாள் திருவண்ணாமலையில் விழா. என் பொறுப்பில் இருந்த ஊர்களில் பிறப்பு குறைந்ததற்காக எனக்கு ஒரு கேடயம். போகாமல் இருந்திருக்கலாம். ஆசை விடவில்லை.

ஒரு வாரம் கழித்து வந்தேன். மறுமழையில் பாதிக் கொல்லை முளைத்துக் கிடந்தது. நீங்கள் மூன்று நாள் தனியாகப் பிடுங்கியதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள். "ஆபீசருங்கல்லாம் வந்தாங்களா? சோறு நல்லாப் போட்டாங்களா?" என்றுதான் கேட்டீர்கள். தை பிறப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். மகன் வந்து சவுக்கு வைத்துவிட்டுப் போனான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

விழாவில் பெரிய அதிகாரி, இனி நாடு வளரும் என்று பேசினார். நான் நன்றாகக் கை தட்டினேன், அக்கா. அந்த நேரத்தில் நீங்கள் கொல்லையில் நிமிர்ந்து, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்திருப்பீர்கள். அதை நினைக்காமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை.