‘முடியாது’ என்று ஒரு பட்டன்

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான், மற்றபடி எப்படி இருக்கிறோம் என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உனக்கு இருமல் நின்றதா, அந்தக் குளிரில் தலையை ஈரமாக வைத்துக்கொண்டு ஆபீசுக்கு ஓடாதே. போனில் பேசாமல் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், இப்போது என்னிடம் இருப்பதெல்லாம் அவர் காதில் விழக்கூடாத பேச்சு.

எங்கள் வண்டி குரூப் உனக்குத் தெரியும். டயாலிசிஸுக்குப் போகிறவர்களை அவரவர் காரில் கூட்டிப் போய்க் கூட்டி வருகிறோம். ஆளுக்கொரு பக்கம் இருக்கிறோம், எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே கிடையாது, போனில்தான் உறவு. போன மாதம் நான் உன் சித்தி வீட்டில் இருந்தபடியே, நாளைக்கு ஜெராக்ஸ் கடைக்காரிக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டேன், நீ ஜெராக்ஸ் அக்கா என்பாயே, அவள்தான். அப்பா ‘நான் பாக்கறேன்’ என்று போட்டார். உடனே ஆளாளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள், நானும்தான். அப்பா நினைத்துச் சொன்னது, ரிப்பேருக்கு விட்டிருந்த நம் வண்டியை மெக்கானிக் தருகிறானா என்று பார்க்கிறேன் என்று. நாங்கள் படித்தது, நான் கவனித்துக்கொள்கிறேன் என்று. மெக்கானிக் தரவில்லை. நான்தான் உறுதியாகச் சொல்லவில்லையே, வேறு யாராவது போயிருப்பார்கள் என்று அப்பா இருந்துவிட்டார். அவள் ஷட்டரை இறக்கிவிட்டுக் கடை வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறாள். இலவசமாகச் செய்கிறவர்களைப் போன் போட்டு நச்சரிப்பதா என்று கேட்கவும் இல்லை. மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு பக்கத்துச் செல்போன் கடைக்காரர்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். பிழைத்து வந்தது பெரிய விஷயம்.

அன்றிலிருந்து அப்பா ஆளே மாறிவிட்டார். பால்காரருக்கு ஒரு வரி அனுப்புவதென்றால்கூட, இதற்கு வேறு அர்த்தம் வருமா பார் என்று என்னிடம் நீட்டுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு எழுந்துவிடுகிறார்.

அதற்குப் பிறகுதான் இந்த குரூப் போதாது, வேறு ஏதாவது பார்த்தாக வேண்டும் என்று வீடியோவில் கூடினோம். கூட்டத்தை நடத்துகிற பேங்க்காரர் எக்செல் ஷீட்தான் வேண்டும் என்று பிடித்த பிடியை விடவில்லை, கட்டம் கட்டமாக, கலர் கலராக ஏற்கனவே செய்தும் வைத்திருந்தார். நர்ஸம்மா, நான் வார்டில் நின்றுகொண்டு ஒரு கையால் போனைப் பார்க்கிறவள், உங்கள் கட்டத்தை விரலால் நகர்த்தி நகர்த்தி என் பெயரைத் தேடுவதற்குள் நோயாளி தானே நடந்து போய்விடுவார் என்றாள். நான் நீ அனுப்பிய, போனிலேயே திறக்கிற அந்தப் பலகையைக் காட்டினேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு அட்டை, யாராவது பொறுப்பேற்கிற வரை அது சிவப்பாகவே இருக்கும் என்று நீ சொன்னதையே சொன்னேன். இன்னொரு பாஸ்வேர்டா என்று ஒருவர் அலுத்துக்கொண்டார். அப்பா கேமராவை அணைத்துவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தார், செருமல் மட்டும் எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது.

ஜெராக்ஸ்காரியை அன்றுதான் முதல்முறையாகக் கூட்டத்தில் சேர்த்திருந்தோம். இத்தனை நாளும் அவளுக்காகப் பேசினோமே தவிர அவளைக் கூப்பிடத் தோன்றவில்லை பார். படுக்கையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “எல்லாத்துலயும் வரேன்னு சொல்ல இடம் வெச்சிருக்கீங்க. முடியாதுன்னு சொல்ல எங்க இடம் இருக்கு? வரமாட்டீங்கன்னு தெரிஞ்சா நான் ஒரு ஆட்டோ பிடிச்சிருப்பேன்ல?”

பேங்க்காரர் சமாளிக்கிற மாதிரி, முடியாது என்றால் முகத்தில் அடித்தாற்போல் இருக்கும், ‘சற்று சிரமம்’ என்று வைக்கலாமே என்றார். சிரமம் என்றால் சிரமப்பட்டு வருவீர்களா, வரவே மாட்டீர்களா, அதையும் நானே உட்கார்ந்து யோசிக்க வேண்டுமா என்று அவள் கேட்டாள். நம் ஆட்கள் பட்டன் வைத்தாலும் அமுக்கமாட்டார்கள் என்று யாரோ சிரித்தார்கள். அப்படியானால் அந்தப் பலகையும் வேண்டாம், உங்கள் வண்டியும் வேண்டாம், ஒருத்தராவது அதை அமுக்குவதை என் கண்ணால் பார்த்தால்தான் இனி ஏறுவேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஷீட்டில் கட்டம் காலியாக இருந்தால் மறுத்துவிட்டார்களா, இன்னும் பார்க்கவில்லையா என்றே தெரியாது, அதனால்தான் கடைசியில் பலகை என்று முடிவானது. நீ வீடியோவில் காட்டியபடி ‘வருகிறேன்’ பக்கத்திலேயே ‘முடியாது’ என்று நானே சேர்த்தேன்.

நாளைக்கு அவளுக்கு முறை. காலையில் அட்டையைப் போட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று பலகை காட்டுகிறது, ஒருவரும் இரண்டில் ஒன்றையும் அமுக்கவில்லை, சிவப்பு அப்படியே நிற்கிறது. நம் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்கிறது, சாமான் வரும்வரை தூரம் போகாதே என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறான். அப்பா சாவியை எடுப்பதும் மாட்டுவதுமாக இருக்கிறார். மெதுவாக ஓட்டிப் போய்விடலாம், இப்போது மறுத்தால் மறுபடியும் நழுவுகிறான் என்றுதானே நினைப்பாள் என்கிறார். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு அரிசி களையப் போனேன், அதற்குள் அமுக்கிவிட்டார். ‘முடியாது, பிரேக் சரியில்லை.’ எங்கள் குரூப்பில் அந்த வார்த்தையை ஒருவர் எழுதியது இதுதான் முதல் தடவை. அமுக்கிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை, குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலேயே பேங்க்காரர், முடியாது. நர்ஸம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு, வருகிறேன். அட்டை பச்சையானது. அப்புறம் ஜெராக்ஸ்காரி அப்பாவுக்கென்றே எழுதியிருந்தாள், வண்டியை ஒழுங்காகச் சரிபண்ணி வையுங்கள், சனிக்கிழமை நீங்கள்தான் என்று. இது திட்டா, கூப்பிடுகிறாளா என்று அப்பா என்னைக் கேட்டார். இரண்டும்தான் என்றேன். தட்டைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உன்னிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வருஷக் கடைசியில் வருகிறாயா என்று கேட்டால் லீவு கேட்டிருக்கிறேன் என்கிறாய், போன வருஷமும் அதைத்தான் சொன்னாய். அப்பா அதை நம்பி உன் அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துவிட்டார். வர முடியாதென்றால் வர முடியாது என்றே எழுது குட்டி. கொஞ்ச நாள் வருத்தமாக இருக்கும், அது எங்கள் பாடு. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்காதே.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். பதிலை எனக்கு மட்டும் அனுப்பு, எதுவானாலும் அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா