ஆஸ்பத்திரி வாசலில் நிற்காத பஸ்

1961, ஆடி, செவ்வாய் இரவு.

இன்று ஓடுகிற பஸ்ஸில் நெஞ்சுவலி என்று பொய்யாக விழுந்து புரண்டேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு!

பின் சீட்டில் நெய்க்காரப்பட்டிப் பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி. "ஏனுங்க, ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்துங்க" என்று அவள் புருஷன் கும்பிட்டான்.

"ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்துனா மொதலாளி சீட்டைக் கிழிச்சிருவாரு. ஸ்டாண்டுல எறங்கி நடங்கப்பா" என்றார் டிரைவர்.

ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவ்வளவு தூரம் திரும்பி நடந்தால் பிள்ளை ரோட்டிலேயே பிறந்துவிடும். அதனால்தான் விழுந்தேன்.

"அண்ணே, ஆளு போயிட்டா வண்டி கேசுல மாட்டிக்கிரும், நிறுத்துங்க!" என்று கண்டக்டர் அலறினார். பஸ் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது.

வீட்டில் பெருமையடித்தாயிற்று. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றோ, தூக்கம் வரவில்லை. ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது ஒரே ஸ்ட்ரெச்சர். அதில் என்னைத்தான் தூக்கிப் போனார்கள். அவள் பின்னால் நடந்து வந்தாள்.