கழுவி வைத்த வட்டு

வெள்ளி, இரவு.

ஈரேழு பதினாலு லோகத்திலும் என்னைப் போலொரு தாய்மாமன் கிடையாது. ஆயுத பூஜையன்று அக்கா மகள் கவிதா, பீளமேட்டில் தான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு என்னைக் கூட்டிப்போனாள். கம்ப்யூட்டரில் தகவல் சேமிக்கும் வட்டுகளுக்கு அங்கே உலோகப் பூச்சு ஏற்றுகிறார்கள். தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தாலும் அந்தப் பூச்சு அதைவிட மெல்லிசாம். பூச்சுக்காக அவள் கழுவி வைத்திருந்த வட்டு ஒன்றில் என் கழுகுக் கண்ணுக்குத் தூசி தெரிந்தது. அவள் பொரி வாங்கப் போன நேரத்தில், மூக்குக் கண்ணாடிக்குச் செய்வதுபோல 'ஹா' என்று ஊதி, வேட்டி நுனியால் துடைத்து வைத்தேன்.

இன்று ஒரு வட்டில் மட்டும் பூச்சு வெங்காயத் தோலாக உரிந்துவிட்டதாம். எந்த வட்டு என்று நான் கேட்கவில்லை.

"நாந்தான் சரியாக் கழுவலைன்னு சார்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க மாமா. இனி வேலையை நிரந்தரம் பண்ணுவாங்களான்னு தெரியலீங்க" என்றாள்.

உண்மை தொண்டை வரை வந்தது. "அட உடு கண்ணு, உங்க சாரையே கழுவிக் காயப்போட்டரலாம்" என்றேன். சிரித்துவிட்டாள். பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"எம்பட கையிலதான் என்னமோ இருந்திருக்குதுங்க."

"தங்கமான கை அம்மணி" என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.